அழகான படம் எடுத்த கை

நம் சங்கத்து மலருக்கு, "நல்ல எக்ஸ்ரே படம் எடுப்பது எப்படி" என்று புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரக் கேட்டிருந்தீர்கள். எடுக்கத் தெரியாமலா உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? பாதி வேலையை இயந்திரம் செய்கிறது. மீதியைக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வந்த அம்மா செய்கிறாள். இதற்கு ஒரு கட்டுரை வேறு. நல்ல படம் எடுத்து நான் செய்த அக்கிரமம் ஒன்று இருக்கிறது. அதை வேண்டுமானால் எழுதுகிறேன், மலரில் போடத் தைரியம் இருந்தால் போடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: முப்பத்து நாலு வருஷம் வடசென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்க, நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதே காதில் விழாது. ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, "இவர் கை பட்டால் படம் பேசும்" என்று மைக்கில் புகழ்ந்தார்கள். அந்தக் கடிகாரம் இரண்டாம் மாசமே நின்றுபோனது. புகழ்ச்சியும் அதே தரம்தான்.

தொழில் ரகசியம் என்று நாம் பொத்திப் பொத்தி வைத்திருப்பது என்ன? ஒன்று, எலும்பு கறுத்துத் தெரிந்தால் கதிரின் அளவைக் குறைப்பது. அப்புறம் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கிப் பளிச்சென்று ஆக்குவது. இரண்டு, சரியாக வராத படத்தைக் கழித்துவிட்டு இன்னொன்று எடுப்பது. கழித்ததைச் சாயங்காலத்துக்குள் அழித்துவிடுவது. மாசக் கடைசியில் எத்தனை கழிவு என்று தலைமை டாக்டர் கேட்பார் அல்லவா, அதற்காக. நான் அப்படிச் செய்வதில்லை என்று எவராவது இதைப் படித்துவிட்டு முகம் சுளித்தால், அவரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஏழுமலை நெட்டுக்குப்பத்துக்காரன். ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். குள்ளம், கொஞ்சம் சாய்ந்த நடை, நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். அவனுடைய மகள் தர்ஷினிக்கு இரண்டு வயது நிரம்பாதபோது முதல் தடவை தூக்கிக்கொண்டு வந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது.

"எப்படிய்யா?"

"பாயிலேர்ந்து உருண்டுச்சு சார்."

எக்ஸ்ரே அறையில் இருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பாயிலிருந்து தரைக்கு எத்தனை அடி உயரம்? அடுத்த வருஷம் தோள்பட்டை எலும்பு. "அண்ணன் பையன் இட்ச்சிட்டான்" என்றான். அன்றைக்கும் சிரித்தோம். குப்பத்து ஆள், பெரிய குரல், தள்ளாட்டமான நடை, குடிகாரன் என்று முடிவுகட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது தர்ஷினிக்கு நாலு வயது. முன்கை வீங்கியிருந்தது. அம்மா கஸ்தூரியும் கூட வந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி, அதனால் உள்ளே விடவில்லை. ஏழுமலைதான் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தான். நான் குழந்தையின் அக்குளில் கை கொடுத்து மேசைமேல் தூக்கப் போனேன்.

"அப்டி தூக்காத சார்! அடியில கை குட்த்துத் தூக்கு!" என்று கத்தினான்.

"எனக்கு வேலை கத்துத் தர்றியா? வெளிய போய்யா."

"இன்னா?"

"வெளிய போன்னேன்."

"இன்னா சார்?"

திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன். தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அறையில் நானும் குழந்தையும் மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்.

முன்கைப் படத்தில் புது முறிவுக்குப் பக்கத்திலேயே, ஆறிப்போன பழைய முறிவின் தழும்பு தெரிந்தது. நமக்கு யாரும் நோய் கண்டுபிடிக்கச் சொல்லிச் சம்பளம் தரவில்லை. ஆனாலும் நானே படத்தை எடுத்துக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். "சார், பழைய முறிவெல்லாம் கெடக்குது. அப்பன் குடிகாரன். போட்டு அடிக்கிறான் போல. ஆளைப் பார்த்தாலே தெரியும்." அவருக்கு நூற்றுக்கணக்கில் நோயாளிகள் காத்திருந்தார்கள். தலையைக்கூட நிமிர்த்தாமல், "முழு உடம்பும் எடுத்துடுங்க" என்றார்.

எடுத்தேன். கால் படம் எடுக்கும்போது மணி பதினொன்று பத்து. குழந்தை முழங்காலை மடக்கியே வைத்திருந்தது. படம் கோணலாக வந்தது. நம் பெருமை என்னாவது? கழித்தேன். முழங்காலை அழுத்தி, கணுக்காலைப் பிடித்து நேராக இழுத்து, பதினொன்று இருபத்தைந்துக்கு இன்னொன்று எடுத்தேன். வீறிட்டு அழுதாள். "அவ்ளோதான் கண்ணு, முடிஞ்சிருச்சு" என்றேன். இரண்டாவது படம் அற்புதமாக வந்தது. கால் நேராக, எலும்பு பளிச்சென்று, கணுக்காலுக்கு மேலே மெல்லிய புது முறிவு ஒன்று துல்லியமாக.

"அடப்பாவி, கால்லயும் மிதிச்சிருக்கான்" என்றார் டியூட்டி டாக்டர்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஜரூர். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அவுட்போஸ்ட்டில் ஏழுமலையை உட்கார வைத்தார்கள். குழந்தைகள் நலக்காரர்களுக்குத் தகவல் போனது. குழந்தையை வார்டில் சேர்த்தாயிற்று. மறுநாள் காலை வந்து காப்பகத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். திருவொற்றியூரிலிருந்து கஸ்தூரியின் அண்ணன் வந்து இறங்கினான். "இவனாண்ட நீ வாய்ந்தது போதும், கெளம்பு வூட்டுக்கு" என்று வராந்தாவில் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அரை நாளில் ஒரு குடும்பம் மூன்று துண்டு. நான் மத்தியானச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டேன். ஒரு குழந்தையைக் காப்பாற்றிய திருப்தி இருக்குமா இருக்காதா?

அங்கே ஒரு பயிற்சி டாக்டர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மளிகை மொத்த வியாபாரக் குடும்பம். தண்டையார்பேட்டையில் மாமா கடைக்கு மேல்மாடியில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பேர் எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். எல்லாரையும் "அண்ணாச்சி" என்பார். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் பருப்பு நிறுத்துப் போடுகிறவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மணிக்கு வந்து, "அண்ணாச்சி, அந்தப் பிள்ள படத்துக்கு எவ்வளவு வச்சீங்க?" என்றார்.

அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி. படம் வந்ததா, பார்த்தோமா, போனோமா என்றுதான் அவர்களுக்கு. "ஏம்மா, படம் நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கேன்."

"ஒரு வயசுக் கொழந்தைக்கு வைக்கிற அளவு. அதுக்கு மேல வெச்சா கறுத்துடும். இந்தக் கொழந்தைக்கு எப்பவும் கொறச்சுத்தான் வைப்பேன், போன ரெண்டு வாட்டியும் அப்படித்தான்." சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு ஏன் கறுக்குது?"

நான் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்.

"எலும்பு கதிரைத் தடுக்கணும்லா. தடுக்கல. எலும்புல சத்தே இல்ல அண்ணாச்சி. நீங்க அளவக் கொறச்சு, கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தச் சரிபண்ணி, நல்ல எலும்பு மாதிரி காட்டிட்டீங்க."

ஆக, இரண்டு வருஷமாக என் கைக்கு அந்தக் குழந்தையின் நோய் தெரிந்திருந்தது. கை தன்பாட்டுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே வந்தது. அதைத் தொழில் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்த மண்டைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்லக் கூடாததை மட்டும் டியூட்டி டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. "கால் ஒரு தடவதான் எடுத்தீங்களா? படத்துல ஏழாம் நம்பருக்கு அப்புறம் ஒம்பது இருக்கே."

"ஒரு தடவதான். மெஷின் அப்படித்தான் நம்பர் தாவும்" என்றேன்.

பொய். கூசாமல் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அப்போது அதுகூட இல்லை, எரிச்சல்தான். டீ குடிக்கப் போனேன்.

அவுட்போஸ்ட்டைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போக வேண்டும். ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பயிற்சி டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மெதுவாக, "ஏழுமலை... ஏழுமலை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் திரும்பவில்லை. கான்ஸ்டபிள், "அவன் அப்படித்தாம்மா. நானும் காலையிலேர்ந்து கேக்குறேன், இன்னா இன்னான்னு நக்கல் பண்றான்" என்றார்.

"நக்கல் இல்ல சார், காது கேக்கல" என்றார் அவர். முன்னால் போய் நின்று, அவன் இமையை விரலால் விலக்கி, என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளைச் சட்டைக்குச் சொட்டுநீலம் கொஞ்சம் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அந்த நிறத்தில் இருந்தது கண்ணின் வெள்ளை. இரண்டு தடவை அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணைப் பார்க்கவில்லை.

"உனக்கு எத்தன தடவ எலும்பு ஒடஞ்சிருக்கு?" என்று அவர் உரக்கக் கேட்டார்.

ஏழுமலை சுற்றுமுற்றும் பார்த்தான். மச்சான் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாயைத் திறந்தான். "ஏயோ எட்டோ. எங்க நைனாவுக்கு இன்னும் ஜாஸ்தி. குப்பத்துல எங்க வூட்ட ஒடசல் வூடுன்னுதான் சொல்லுவாங்கோ. அதான் கொயந்தைய கையப் புட்ச்சித் தூக்க மாட்டோம், அடியில கை குட்த்துத்தான் தூக்குவோம்."

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"கல்யாணத்துக்கு மின்னாடி சொல்லிருந்தா பொண்ணு குட்த்துருப்பாங்களாம்மா? இப்போ சொன்னா மட்டும் சும்மா உடுவாங்களா?" இதையும் அவன் கத்தித்தான் சொன்னான், அவனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. வராந்தாவில் நின்றிருந்த கஸ்தூரிக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

பரம்பரையாக வருகிற நோய். எலும்பு சுள்ளி போல முறியும், கண்ணின் வெள்ளை நீலம் பாயும், வயது ஏற ஏறச் சிலருக்குக் காதும் போகும். அந்த வராந்தாவுக்கு வந்து நின்று பயிற்சி டாக்டர் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் போதுமாம், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வருமாம். கஸ்தூரி தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

நான் டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன். மனம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள், அழிக்கத்தான் திரும்பினேன். எட்டாம் நம்பர் படம் இன்னும் இயந்திரத்துக்குள் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது நமக்குப் புதிதா? ஒரு பொத்தான்தானே. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்தேன். அதுதான் வினை.

பதினொன்று பத்துக்கு எடுத்த படம். கால் கோணல். கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல் கிடையாது. பதினொன்று இருபத்தைந்துக்கு எடுத்த படத்தில் முறிவு. அந்தக் கால் மணி நேரம் ஏழுமலை கதவுக்கு வெளியே நின்றான். அறையில் இருந்தது யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற இன்னும் எவ்வளவோ வருஷம் இருந்தது. மெமோ கொடுப்பார்கள், விசாரணை வைப்பார்கள், வரவிருந்த தலைமை டெக்னீஷியன் பதவி போய்விடும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பொத்தானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வார்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீங்கியிருந்தது. ஆயா போர்வை மாற்றுவதற்காக அவளைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தாள். தர்ஷினி அழவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "கையப் புட்ச்சித் தூக்காத ஆயா. அடியில கை குடு. எங்க நைனா அப்டித்தான் தூக்கும். வலிக்காது." அப்புறம் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

என் தொழில் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அப்படிப் பயந்ததில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

தலைமை டாக்டரின் அறைக்குப் போனபோது பயிற்சி டாக்டர் ஏற்கெனவே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரி புஸ்தகத்துல படிச்ச வியாதிய இன்னிக்குக் காலையில ஓ.பி.யில தேடக் கூடாதும்மா. எலும்பு எவ்வளவு ஜம்முனு இருக்கு பார். இதுல எங்க சத்துக் கொறவு? அப்பன் அடிச்சிருக்கான், அவ்வளவுதான்" என்று என் படத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். என் படம். ஜம்மென்று.

"சார், அந்தக் கால் முறிவு என்னுது" என்றேன்.

"என்னய்யா உளர்றே?"

கழித்த படத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், அதை மேசைமேல் வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலையில் இருந்த நேரத்தைக் காட்டினேன். "இதுக்கும் இதுக்கும் நடுவுல கொழந்தைகிட்ட இருந்தது நான் ஒருத்தன்தான் சார். படம் அழகா வரணும்னு காலை அழுத்தினேன். நல்ல எலும்பா இருந்தா அந்த அழுத்தத்துக்கு ஒடையாது. வெளிச்சமும் நான் ஏத்துனதுதான். அந்த எலும்பு ஜம்முனு எல்லாம் இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படித்த மனிதர், தப்பு என்று சட்டென்று ஒப்புக்கொள்வாரா? "இவ்வளவு நாள் உன் படத்தை நம்பித்தான் நான் எழுதிட்டிருக்கேன். இப்ப வந்து அது பொய்யிங்கிறே. எதை நம்பறது? காட்டு பார்ப்போம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குழந்தைக்கு இன்னொரு படம் எடுக்க மனம் வரவில்லை. ஏழுமலையை அவுட்போஸ்ட்டிலிருந்து வரவழைத்தேன். "எனுக்கு இன்னாத்துக்கு சார்? எனுக்கு ஒண்ணியும் ஒடையலியே" என்றான். அவன் வலக்கையைப் படம் பதியும் தட்டின்மேல் வைக்கச் சொன்னேன். பக்கத்தில், அதே தட்டில், என் வலக்கையை வைத்தேன். பயிற்சி டாக்டர் பொத்தானை அழுத்தினார். விதிப்படி இது தப்பு. காரணமில்லாமல் தன்மேல் கதிர் பாய்ச்சிக்கொள்ளக் கூடாது. நீங்கள் யாரும் செய்யாதீர்கள்.

தலைமை டாக்டரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "நீங்களே ஏத்தி எறக்கிப் பாருங்க சார்" என்றேன். ஒரே தட்டு, ஒரே கதிர், ஒரே வெளிச்சம், இரண்டு கைகள். என் எலும்பு சரியாகத் தெரியும்படி வைத்தால் ஏழுமலையின் கை மங்கி, சாம்பல் பூத்து, விளிம்பில் பென்சில் கோடு மட்டும் நின்றது. அவனுடையது தெளிவாகும்வரை ஏற்றினால் என் கை சுண்ணாம்பு அப்பியது போல வெளுத்துப்போனது. அவர் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். எந்தப் பக்கம் அழகு பண்ணினாலும் இன்னொரு பக்கம் காட்டிக்கொடுத்தது.

"ம்" என்றார். இது மட்டும் அத்தாட்சி ஆகாது, பெரிய ஆஸ்பத்திரியில் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஆனால் போனை எடுத்தார். அவுட்போஸ்ட்டுக்குப் பேசினார், குழந்தைகள் நலக்காரர்களிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏழுமலை அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை? மூச். அவரும் சொல்லவில்லை, கான்ஸ்டபிளும் சொல்லவில்லை, டியூட்டி டாக்டர் கான்டீன் பக்கம் நழுவிவிட்டார். எனக்கும் வாய் வரவில்லை. ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்ல எல்லாருக்கும் எவ்வளவு வாய் இருந்தது!

வராந்தாவில் கஸ்தூரியின் அண்ணன் இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். "வியாதிய மறச்சிக் கட்டிக்கினவன் வேற, இவன நம்பி இன்னொரு கொயந்த வேறயா?" என்றான்.

கஸ்தூரி அவன் கையை உதறினாள். "மறச்சதுக்கு வூட்ல வெச்சிக்கிறேன் இந்தாள. அட்ச்சான்னு எவனாச்சும் சொன்னா, அவன இங்கியே வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். என்மேல் அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு வார்டுக்குள் போய்விட்டாள்.

எனக்கு மெமோ வந்தது. தலைமை டெக்னீஷியன் பதவி இரண்டு வருஷம் தள்ளிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்து அதே நோய்தான் என்று உறுதி செய்தார்கள். தர்ஷினிக்கு எலும்பைக் கெட்டிப்படுத்த ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். நோய் போகவில்லை, போகவும் போகாது. முறிவுகள் குறைந்தன, அவ்வளவுதான். பயிற்சி டாக்டர் பயிற்சி முடிந்து ஊருக்குப் போனார். போகும்போதும் "வரேன் அண்ணாச்சி" என்றுதான் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வழக்கமான அளவை நான் குறைக்க வேண்டி வந்தால், படத்தோடு ஒரு துண்டுச் சீட்டில், "எலும்பு தடுக்கவில்லை, அளவு குறைத்தேன்" என்று எழுதி அனுப்புவேன். பாதி டாக்டர்கள் அதைக் கசக்கிப் போட்டார்கள். ஒருவர், "நீ படமெடு, நான் வைத்தியம் பாக்குறேன்" என்று திருப்பி எழுதினார். இறால் உரிக்கும் கொட்டகையில் விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை வெயில் படாமல் உட்கார்ந்து வேலை செய்த ஒரு பெண். இடுப்பு வலி என்று ஒரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். சோம்பேறி, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று மாத்திரையோடு திட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் சீட்டைப் பார்த்து ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி பற்றாமல் எலும்பு மெழுகாகிக் கிடந்தது. அவளுக்குப் பரம்பரை நோய் எதுவும் இல்லை. கொட்டகை கொடுத்த நோய். மருந்து சாப்பிட்டு ஆறு மாசத்தில் நிமிர்ந்து நடந்தாள். நாலு பேர் கசக்கி எறிந்தால் ஐந்தாவது ஆள் படிப்பார். எழுதுங்கள்.

போன மாசம் ஏழுமலை போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டான். தர்ஷினி பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தாள். காதுக்கு இப்போது கருவி வைத்திருக்கிறான், ஆனால் குரல் குறையவில்லை, பழகிவிட்டது போலும். நெட்டுக்குப்பத்தில் அவன் வீட்டுக்கு வழி கேட்டேன். "ஒடசல் வூடா?" என்று ஒரு ஆள் காட்டிவிட்டார்.

தர்ஷினி ஊன்றுகோலோடு வந்து தண்ணீர் கொடுத்தாள். குட்டையாக, கண்ணில் அதே நீலத்தோடு, வாய் ஓயாமல் பேசினாள். பின்னால் பிறந்த பையன் பந்தை உதைத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடினான். அவனுக்கு அந்த நோய் வரவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். கஸ்தூரியின் அண்ணனும் இருந்தான், மீன் குழம்பில் மும்முரமாக. சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் எக்ஸ்ரே படம் மாட்டியிருந்தது. இரண்டு கைகள். தலைமை டாக்டரின் அறையிலிருந்து அதை எப்படிக் கேட்டு வாங்கினானோ தெரியாது.

விருந்துக்கு வந்த ஒரு பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா ஏயுமல இது? யார் கை?"

"இது என் கை நைனா" என்றான் ஏழுமலை, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பக்கத்துல கீது பாரு வெள்ளையா, அது எம் பொண்ணு கால ஒட்ச்ச கை. தோ குந்திகினு துன்னுகினு கீறாரே எக்ஸ்ரே சாரு, அவுருதான்."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு அவனுக்குக் காது கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை, தெரியாது என்று பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி ஒன்றுமே நடக்காதது போல என் இலையில் இன்னொரு துண்டு வஞ்சிரத்தை வைத்தாள். "துன்னு சார், ஆறிடப் போவுது" என்றாள்.

நான் மறுத்து என்ன சொல்ல? தலையைக் குனிந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது சுவர் பக்கம் போய்ப் படத்தை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தேன். என் கை, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்கிறேன், மிக அழகாக வந்திருக்கிறது.